லேமினேஷன் மெஷினும் அவள் சொற்களும்

மார்ச் 3, செவ்வாய்

‘தண்ணீர்’ என்று எழுதிய அட்டை இன்று தண்ணீரிலேயே ஊறிப்போனது. இடது கையால் டம்ளரைக் கீழே வைக்கும்போது மனைவி சாய்த்துவிட்டாள். நான் வரைந்த டம்ளர் படமும் எழுத்தும் மை கரைந்து ஒரே நீலம். நேற்று ‘வலி’ இரண்டாகக் கிழிந்தது. ‘தலையணை’ ஏற்கனவே தேநீர் குடித்துவிட்டது.

அவளுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதமாகப் போகிறது. வலது காலில் கொஞ்சம் பலம் வந்திருக்கிறது, கையில் அதைவிடக் குறைவு. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, சின்னச் சொற்களைப் படிக்கவும் முடிகிறது. ஆனால் வாயைத் திறந்தால் ‘அதான்’ ஒன்றுதான். பசிக்கும் அதான், கோபத்துக்கும் அதான். அதனால்தான் வேண்டியதை எடுத்துக் காட்ட இந்த அட்டைகள். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து நாளெல்லாம் வாய் ஓயாமல் பேசியவள். இந்த வீட்டில் என் பங்குப் பேச்சையும் சேர்த்து அவளே பேசினாள். எனக்குப் பேச வராது. துணை மின்நிலையத்தில் வேலை பார்த்தவனுக்கு மின்மாற்றிகளோடு என்ன பேச்சு?

பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் சொன்னாள்: “பேப்பரா குடுத்தா எத்தனை நாள் தாங்கும் சார்? லேமினேட் பண்ணிடுங்க.”

மார்ச் 5, வியாழன்

நகல் எடுக்கும் கடையில் கொடுத்தால் ஒட்டித் தருவார்கள். ஆனால் அவளுக்கு எந்த நேரம் எந்தச் சொல் வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு சொல்லுக்கும் கடைக்கு ஓட முடியுமா? மெஷினே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எழுதுபொருள் கடையில் மூன்று வகை இருந்தன. சூடு இல்லாமல் பசையால் ஒட்டுவது ஒன்று. நகம் பட்டால் ஓரம் பிரிந்துவிடும் என்றார் கடைக்காரர். ரோலாகச் சுற்றி வருவது கடைகளுக்கானது, வீட்டில் அதற்கு இடமில்லை. மூன்றாவது, பிளாஸ்டிக் உறைக்குள் தாளை வைத்துச் சூடான உருளைகளுக்கு நடுவே அனுப்புவது. இதுதான் சரி.

“ஏ-த்ரீ எடுத்துக்கோங்க சார், நாளைக்குப் பெருசா ஏதாவது பண்ணணும்னா உதவும்.”

“உள்ளங்கை அளவு அட்டைதான் பண்ணப்போறேன். ஏ-ஃபோர் போதும். தாள் சிக்கிக்கிட்டா வெளியே எடுக்க வழி இருக்கா?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லையாம். பக்கவாட்டில் ஒரு சிறு நெம்புகோல் இருந்த மெஷினைக் காட்டினார். அதை அழுத்தினால் உருளைகள் விலகி, சிக்கியதை இழுத்துவிடலாம். எத்தனையோ வருடம் இயந்திரம் மக்கர் செய்வதைப் பார்த்தவன் நான். ஓடும்போது எல்லாமே நல்ல மெஷின்தான்.

உறையின் தடிமனில்தான் குழம்பிப்போனேன். எண்பது மைக்ரான் வளைகிறது. இருநூற்றைம்பது பலகை மாதிரி விறைப்பு. ஆனால் இந்த மெஷின் அதை ஏற்காதாம். நூற்றிருபத்தைந்து என்று வைத்துக்கொண்டேன். பலவீனமான கையால் மேசையிலிருந்து எடுக்க அந்த அளவு விறைப்பாவது வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

மகள் போனில் அழைத்தாள். நான் மைக்ரான் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். “அப்பா, மெஷின் இருக்கட்டும். அம்மா எப்படி இருக்காங்க?” என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

மெஷினைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, சூடேறிப் பச்சை விளக்கு எரியக் காத்திருந்தோம். முதலில் வீணாய்ப் போனாலும் பரவாயில்லாத தாள் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்று, அந்த மெஷினுக்கான ரசீதையே உறைக்குள் வைத்து அனுப்பினேன். மறுபக்கம் மையில் முக்கியெடுத்தது போல் கன்னங்கரேலென்று வந்தது. அது சூடு பட்டால் கறுக்கிற தாள். எனக்கே தெரிந்திருக்க வேண்டியது.

ஒரு வருட உத்தரவாதம் போச்சு என்று தலையில் கை வைத்தேன். பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் அவள் சிரிக்கிறாள்! வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, தோள் குலுங்க, “அதான்! அதான்!” என்கிறாள். இந்த ‘அதான்’ மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

மார்ச் 11, புதன்

ஒரு உறைக்குள் எட்டுச் சொற்கள் கொண்ட தாளை வைத்து ஒட்டி, பிறகு எட்டாக வெட்டினேன். வேலை மிச்சம் என்று நினைப்பு. மாலைக்குள் இரண்டு அட்டைகளின் ஓரத்தில் தண்ணீர் புகுந்து தாள் உப்பிவிட்டது. ஏன்? உறை நல்ல உறை, சூடும் சரியாகத்தான் இருந்தது. மெஷினைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தையல் மெஷின் மேல் பாதியில் நிற்கும் ஒரு பாவாடையைக் காட்டினாள். எடுத்துக் கொடுத்தேன். மடியில் போட்டு, ஒற்றைக் கையால் உள்பக்கத்தைத் திருப்பி, தையலுக்கு வெளியே விட்டிருந்த விரலகலத் துணியைத் தடவினாள். என் அட்டையின் ஓரத்தைத் தடவினாள். மறுபடியும் துணி, மறுபடியும் அட்டை. “அதான்.”

தாளோடு சேர்த்து வெட்டியதால் ஓரத்தில் ஒட்டுவதற்குப் பிளாஸ்டிக்கே மிச்சமில்லை! சொற்களை முதலில் தனித்தனியாக வெட்டி, இடைவெளி விட்டு உறைக்குள் அடுக்கி ஒட்டிய பின், சுற்றிலும் கொஞ்சம் வெறும் பிளாஸ்டிக் நிற்கும்படி கத்தரிக்க வேண்டும்.

“தையலுக்கு விடணும்ங்கிறியா?” என்றேன்.

தலையை ஆட்டினாள். அப்பாடா என்பது போல் கண்ணை மூடிக்கொண்டாள்.

மார்ச் 12, வியாழன்

எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். முனைகளையும் வளைத்து வெட்டினேன், கையில் குத்தாமலிருக்க. கழுவிப் பார்த்தேன். சொட்டுக்கூட உள்ளே போகவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

அட்டைகளைத் தூக்கி எறிந்துவிட்டாள்.

காலையில் அவள் ஏதோ சொல்ல முயன்றாள். நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். பசியா? இல்லை. மருந்தா? இல்லை. கழிவறையா, வலியா, போர்வையா? கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். மேலே குழல்விளக்கு பிளாஸ்டிக்கில் பளீரென்று அடித்தது, எழுத்தே தெரியவில்லை போலிருக்கிறது. நான் அட்டையைச் சாய்த்துச் சாய்த்துக் காட்ட, அட்டைக் கட்டு முழுவதையும் பிடுங்கிச் சுவரில் விட்டெறிந்தாள். பிறகு அழுதாள்.

நானும் கத்திட்டேன். உனக்காகத்தானே இவ்ளோவும் பண்றேன், என்னதான் வேணும் உனக்குன்னு. கேட்டு என்ன பிரயோஜனம்? அவளால சொல்ல முடிஞ்சா இந்த அட்டையே எதுக்கு? குனிஞ்சு ஒவ்வொண்ணா பொறுக்கினேன். ஒண்ணுகூடக் கிழியல. அதைப் பார்த்ததும்தான் எனக்கும் அழுகை வந்துச்சு.

மார்ச் 19, வியாழன்

பளபளப்புக்கு வழி இருக்கிறது. மங்கலான பரப்புள்ள உறைகள் தனியாக விற்கிறார்கள். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது. ஒரு கட்டு வாங்கிவந்தேன்.

பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் காட்டினேன். அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டாள். “அழகா பண்ணியிருக்கீங்க சார். ஆனா எல்லாமே ஒரு நோயாளி கேக்குறதா இருக்கு. அம்மா முன்னாடி இதையா பேசிட்டிருந்தாங்க? நாள் பூரா என்ன பேசுவாங்க?”

என்ன பேசுவாள்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். அவள் குரல் காதில் அப்படியே இருக்கிறது, ஏற்ற இறக்கத்தோடு. சொல்லாக ஒன்றும் அகப்படவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

மாடி வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். தினம் மதியம் வந்து தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து கதையளப்பவள். பக்கவாதத்துக்குப் பிறகு வாசல் வரை வந்து நலம் கேட்டுவிட்டுப் போய்விடுவாள். என்ன பேசுவது என்று பயமாம்.

விஷயத்தைச் சொன்னதும் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். “அண்ணே, எழுதிக்கோங்க. முதல்ல, ‘அப்புறம் என்னாச்சு?’ அது இல்லாம அக்காவுக்கு ஒரு பேச்சு கிடையாது. ‘சும்மா அளக்காதே.’ ‘இந்தக் கலர் உனக்கு எடுபடாது.’ ‘தளர்வாவா, இறுக்கமாவா?’ ‘யார்கிட்டயும் சொல்லிடாதே.’ சரிதானே அக்கா?”

மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டும்! விரலை நீட்டி ஒன்றை வேண்டாம் என்றாள், ஒன்றை மறுபடி சொல்லச் சைகை செய்தாள். சிலவற்றை அவளே முக்கி முக்கிக் கையசைவில் காட்டினாள், மாடி வீட்டுப் பெண் ஊகித்தாள். நான் எழுதினேன், வெட்டினேன், உறைக்குள் வைத்தேன். அவள் இடது கையால் ஒவ்வொரு உறையின் மூடிய விளிம்பையும் முன்னால் வைத்து உருளைக்குள் தள்ளினாள். வீட்டில் சூடான பிளாஸ்டிக் வாடை. மாடி வீட்டுப் பெண் யாரைப் பற்றியோ சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுவில் இவள் வெதுவெதுப்பு ஆறாத ஒரு அட்டையை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்: ‘சும்மா அளக்காதே.’

மார்ச் 28, சனி

மருந்து வாங்கியாச்சா என்று கண்ணாலேயே கேட்டாள். கடை மூடியிருந்தது என்றேன். அட்டைக் கட்டுக்குள் தேடி, புதிதாகச் செய்த ‘பொய்’யை எடுத்து நீட்டினாள். உண்மைதான், மறந்துவிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஏப்ரல் 9, வியாழன்

மதியம் ஒரு இளம்பெண் வந்தாள். புது வேலையில் சேரப்போகிறாளாம், சீருடைக்கு அளவெடுத்துத் தைக்க வேண்டுமாம். அம்மா இப்போ தைக்கிறதில்லைம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் மேசையைத் தட்டி அந்தப் பெண்ணை உள்ளே அழைத்துவிட்டாள். மாடி வீட்டுப் பெண் அளவு நாடாவோடு வந்து நின்றாள். முன்பே பேசி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. இவள் அட்டையும் சைகையுமாகச் சொல்ல, மாடி வீட்டுப் பெண் வெட்டித் தைப்பதாம்.

‘தளர்வாவா, இறுக்கமாவா?’ அட்டை நீண்டது. அந்தப் பெண் ஒரு கணம் தயங்கி, “கொஞ்சம் தளர்வாவே இருக்கட்டும் ஆன்ட்டி” என்றாள். இவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கடைக்காரி மாதிரியே, அவளை ஒரு சுற்றுத் திரும்பச் சொல்லிச் சைகை காட்டினாள்.

நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள். கட்டின் அடியிலிருந்து ஒரு அட்டையை உருவி உயர்த்திக் காட்டினாள். என் கையெழுத்து இல்லை. நான் மார்க்கெட் போயிருந்தபோது இவளும் மாடி வீட்டுப் பெண்ணும் சேர்ந்து லேமினேஷன் மெஷினைப் போட்டிருக்கிறார்கள். ஓரம் கொஞ்சம் கோணல்.

‘அளவெடுக்கணும். நீங்க வெளியே போங்க.’

கதவைச் சாத்திக்கொண்டு வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். உள்ளே யாரோ ஏதோ சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள். கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். வெகுநேரம் கூப்பிடவே இல்லை.