பூனைக்காலி நிறுத்திய நாட்கள்

இணுவில்,
12.02.1993

அன்பின் மருமகன் நடராசாவுக்கு அம்மான் எழுதுவது. கந்தசுவாமியார் காவலில் இங்கே எல்லோரும் சுகம். லண்டனில் உமது வீட்டிலும் அப்படியே இருக்கட்டும்.

உமது தங்கை பராசக்தியின் கால் வருத்தத்தைப் பெரிய டொக்டர்மார் கைவிட்டார்கள் அல்லவா? நான் விடவில்லை. பூனைக்காலி விதையைப் பாலில் அவித்து, தோல் நீக்கி, காயவைத்து இடித்துக் கொடுக்கிறேன். காலையில் நடந்து பொழுதுபட முடங்குகிற பிள்ளை, இப்போது தேர்வடம் பிடித்து இழுக்கிறாள்! மருதனார்மடச் சந்தியில் பஸ்ஸையே ஓடிப் பிடித்தாள். இந்த யுத்தத்துக்குள் இங்கே எங்கே பஸ் என்று குறுக்கே கேட்க வேண்டாம். டொக்டர்மார் வந்து என் உரலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடைகொடுத்த உமது அம்மான்,
பஞ்சலிங்கம்

லண்டன்,
30.03.1993

அன்புள்ள அம்மான்,

உங்கள் கடிதத்தை வாசித்து எல்லோரும் சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. என் மகளும் பின்னேரமானால் கால் பின்னி விழுகிறாள். பிறவி வாதம் என்கிறார்கள். அப்பாவும் பின்னேரங்களில் கம்பூன்றித்தானே நடந்தார்? இது எங்கள் இரத்தவழி வருவதென்று நினைக்கிறேன்.

பூனைக்காலியில் உள்ள சத்தை இங்கே குளிசையாக்கி விழுங்கக் கொடுக்கிறார்கள். அந்த மருந்து கேட்டுச் சுகப்படுகிற வருத்தமும் உண்டு, கேட்காததும் உண்டு. தங்கைக்குக் கேட்டது உண்மையென்றால் மகளுக்கும் கொடுத்துப் பார்க்க டொக்டர் சம்மதிப்பார். தேர் இழுத்த கதையை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

தூளைச் சில நாள் நிறுத்திப் பாருங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். தங்கை விரும்பாவிட்டால் வேண்டாம்.

மருமகன்,
நடராசா

இணுவில்,
02.06.1993

நடராசாவுக்கு,

உமது கடிதத்தைப் பராசக்திக்கு வாசித்துக் காட்டினேன். "உவனுக்கென்ன, லண்டனிலை இருந்து சொல்லுவன்" என்று பேசினேன்.

"அண்ணையின்ரை பிள்ளைக்குத்தானே, நிப்பாட்டுங்கோ. நீங்கள் ஒழுங்கா எழுதியிருந்தா அவர் ஏன் கேக்கப்போறார்?" என்றாள்.

நிறுத்தினோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பின்னேரங்களில் வலது பாதம் உள்ளே திரும்பியது. சனிக்கிழமை பொழுதுபடுகையில் கிணற்றடியில் விழுந்தாள். நெற்றி வெடித்தது. நான்தான் தூக்கி வந்தேன். விடிய எழுந்து நடந்தாள். பின்னேரம் மறுபடி முடங்கினாள்.

திரும்பத் தூள் கொடுத்தேன். உடனே சுகமாகவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் கிணற்றடியிலிருந்து வாசல் படலைவரை தனியே நடந்தாள். கால் கொஞ்சம் இழுபட்டது. பொழுதுபட்டபின் படலைக்கு அப்பால் அவள் ஒருநாளும் நடந்ததில்லை. டொக்டரிடம் இதை அப்படியே சொல்லும்.

பராசக்தி பக்கத்தில் இருக்கிறாள். பிள்ளைக்கு எந்தப் பாதம் முதலில் திரும்புகிறதென்று கேட்கிறாள்.

அம்மான்