நரிப்பாறை இருந்தது, அண்ணா

அன்புள்ள அந்தோணி அண்ணா,

கோபம் வந்தால் எனக்கு வரிசை தவறிவிடும். அதனால் சொல்ல வேண்டியவற்றை முதலிலேயே எண் போட்டுக்கொள்கிறேன்.

1. உன் ஓவியத்தின் கீழே ஒட்டியிருக்கும் சீட்டு பொய்.
2. உனக்கு மனிதர்களை வரையத் தெரியாது என்பதும் பொய்.
3. கண்ணால் காணாத எதையும் நீ வரைந்ததில்லை.

விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் உன் ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கிறார்கள். நீ இறந்துபோன பிறகு இதுதான் முதல் முறை. நாளை திறப்பு. குடும்பத்தார் முன்னதாகவே பார்க்கலாம் என்றார்கள். இன்று திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன். நடுச்சுவரில் நம் நரிப்பாறை மலை. கறுத்த மேகம், அதைக் கிழித்துக்கொண்டு மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியன். கீழே சீட்டு: "கற்பனை மலை."

யாருடைய கற்பனை? தாலுகா ஆபீஸ் முடிந்ததும் சைக்கிளில் ஏரிக்கரைக்குப் போவாய். மழை வந்தால் எல்லோரும் ஓடுவார்கள், நீ மட்டும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். அதுவா கற்பனை?

பொறுப்பாளர் இளைஞர், மரியாதையானவர்தான்.

"இந்த மலை நெசமாவே இருந்துச்சு தம்பி," என்றேன்.

செல்போனில் மேப்பைத் திறந்து நீட்டினார். "எங்க சார் இருக்கு? இங்க குட்டைதான காட்டுது."

"குட்டை இல்லப்பா. குவாரி. தோண்டின பள்ளத்துல தண்ணி நிக்குது."

"அவரு ரொமான்டிக் பெயிண்டர் சார். மனசுல தோணுறத வரையறவங்க. நாங்க பெருமையாத்தான போட்டிருக்கோம்."

டீ கொண்டுவந்தவர் சிரித்தார். "மலைய ஜல்லியாக்கி லாரில ஏத்திக்கினு போயிட்டாங்க சார். நாம நிக்கிற தரைக்கு அடியிலகூட கெடக்கும். இங்க தேடுங்க."

மலையைத் தின்று தீர்த்தார்கள். இப்போது அது பிறக்கவே இல்லை என்று எழுதி ஒட்டுகிறார்கள். உடைத்தவன் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. வரைந்தவன்தான் பொய்யனா? இதையெல்லாம் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். நான் "சரிப்பா" என்று சொல்லி டீயைக் குடித்தேன்.

இரண்டாவது. மலையடியில் எறும்பளவில் ஓர் ஆள் குடையோடு நிற்கிறானே, அவனைக் காட்டி, "மனுசங்க மட்டும் அவருக்கு வரல போல," என்றார் அந்த இளைஞர். அது நான். "என்ன ஏன் இவ்ளோ சின்னதா போட்ட?" என்று அன்றே உன்னிடம் கேட்டேன். "நீ பெருசா நின்னா மலை எங்கடா நிக்கும்?" என்றாய். நான் இன்னும் நிற்கிறேன். மலை எங்கே, அண்ணா?

மூன்றாவதுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் பின்கழுத்தில் வெயில் அடித்தது. ஏரிக்கரையில் மலையைப் பார்த்தபடி உன் பக்கத்தில் நின்ற மாலைகளிலும் அங்கேதான் அடிக்கும். மலை நமக்குக் கிழக்கே இருந்தது. அதன் பின்னால் சூரியன் எப்படி இறங்கும்? விடியல் என்றும் சொல்ல முடியாது, நீ விடியற்காலையில் எழுந்ததே இல்லை. ஆக, சூரியன் உன் கற்பனைதான். என் மூன்றாவது குறிப்பு தவறு.

நாளை திறப்புக்கு முன்பே போய் அவர்களிடம் இதையும் ஒப்புக்கொள்வேன். மலையை மட்டும் விட்டுத்தர மாட்டேன். கற்பனை என்று ஒட்டியே தீர வேண்டுமானால், சூரியன் மேல் ஒட்டட்டும்.

உன் குடைக்காரத் தம்பி,
சின்னப்பன்