சேலை மூடிய நாவல் கன்றுகள்

இராயப்பன்பட்டி

அன்புள்ள பெனிட்டாவுக்கு,

உன் கணவன் மரிய ஜோசப் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மேற்குக் காற்று ஆரம்பித்துவிட்டது. சோறு போடுவதற்கு முன்னால் தட்டில் மண் வந்து உட்கார்ந்துகொள்கிறது. திராட்சைக்கு விலை இல்லை என்கிறார்கள். விலை இருந்த வருடமும் இதையேதான் சொன்னார்கள்.

வீடியோவில் பேசும்போது அம்மா என் தோளை ஒட்டியே நிற்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

பின்லாந்தில் உன் வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கிறார்கள், கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். நம் கொல்லையில் நீ வைத்துவிட்டுப் போன நாவல் கன்றுகளின் அளவுகளைப் பார்த்துத்தான் இந்த மரியாதை என்றும் சொன்னாய். புற ஊதாக் கதிரை மட்டும் தடுக்கும் கண்ணாடித் தாளுக்குக் கீழே பாதிக் கன்றுகள், வெறும் வெயிலில் மீதி. வெயிலில் நின்றவை வெளுத்தன, அவற்றின் ஒளிச்சேர்க்கை படுத்துவிட்டது. ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து இலையில் கருவியை மாட்டி, அளந்து அனுப்பியவன் நான். எண்களில் தவறில்லை.

போன மாதம் தலைவலி என்று பள்ளிக்கூடத்திலிருந்து நடுமதியத்தில் வீட்டுக்கு வந்தேன். வெயிலில் நிற்க வேண்டிய கன்றுகளின் மேல் உன் சேலைகளை விரித்துக் கட்டியிருந்தது. அம்மாவைக் கேட்டேன்.

"ஏலே, பாதிக்குக் கூரையப் போட்டுட்டு மீதிய வெயில்ல நிறுத்துனா, அதுக என்ன மாத்தாந்தாய் பிள்ளைகளா? நீ போனதும் கட்டுவேன், வர்றதுக்குள்ள அவுத்துருவேன். சொன்னா சண்டைக்கு வருவ" என்றாள்.

அதற்கு உன் சேலைதான் கிடைத்ததா என்றேன்.

"உடுத்த ஆளில்லாத சேல பெட்டிக்குள்ள கெடந்து என்ன செய்யப் போகுது?"



ஆக, இலைகளை வெளுக்க வைத்தது புற ஊதாக் கதிர் இல்லை, நிழல். உன் பேராசிரியர் இத்தனை நாளும் பாராட்டியது என் அம்மாவை.

சேலைகளை எடுத்துவிட்டேன். புதிதாக விட்ட இலைகள் தடித்துக் கருத்து வருகின்றன. அளவு, தாளுக்குக் கீழே நிற்பவற்றை ஏறக்குறைய எட்டிவிட்டது. கதிரைத் தாங்க இலை தனக்குத் தானே ஒரு பூச்சைத் தயாரித்துக்கொள்ளும் என்று புறப்படும்போது சொன்னாயே, அதுதான் நடக்கிறது. இதைச் சொன்னால் உன் நீட்டிப்பு நிற்குமா, போகுமா என்று எனக்குத் தெரியாது. உண்மை எனக்கு இவ்வளவு சாதகமாக இருப்பது கூச்சமாக இருக்கிறது. எழுதத் தாமதமானதும் அதனால்தான்.

கையெழுத்து உன் விருப்பம். கன்றுகள் பழகிக்கொண்டன என்பதை வைத்து வீட்டில் மற்றவர்களைப் பற்றி முடிவு செய்துவிடாதே. அந்தப் பூச்சு எனக்கு இன்னும் வரவில்லை.

அம்மா தினமும் உனக்காக ஜெபமாலை சொல்கிறாள். என்ன வேண்டிக்கொள்கிறாய் என்று கேட்டேன். "எங்கன இருந்தாலும் நல்லா இருக்கணும்" என்றாள். நானும் அதையேதான் வேண்டிக்கொள்கிறேன். முதல் இரண்டு வார்த்தைகளை மட்டும் விட்டுவிடுகிறேன்.

என்றும் உன்,
ஜோசப்