கல்லில் கடைசிப் பெயர்

1998 அக்டோபர் 11, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பாதிரியார் பிடித்துக்கொண்டார். இங்கிலாந்திலிருந்து ஒருவன் வந்திருக்கிறானாம். பெயர் ஏட்ரியன் ஹாஸ்லம். பழைய கல்லறைத் தோட்டத்தில் தன் மூதாதையரைத் தேடுகிறானாம். கல்கத்தா முழுக்கத் தேடியும் ஹாஸ்லம் என்று மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதானாம்.

"கொஞ்சம் உதவி பண்ணேன், யூனிஸ்" என்றார்.

அறுபத்தொரு வயதுவரை எனக்கு யார் என்ன உதவி பண்ணினார்கள்? சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். செய்வதாக உத்தேசம் இல்லை.

அக்டோபர் 13

வந்துவிட்டான். ரிப்பன் தெரு மாடிப்படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது. நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு டப்பா பிஸ்கட். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி முகம் மாறியது. என் நிறத்தை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. எனக்கு அந்த ஒரு நொடி போதும்.

மேஜையில் ஒரு பெரிய தாளை விரித்தான். வம்சாவளிப் படம். உச்சியில் தாமஸ் ஹாஸ்லம், அவுரித் தோட்ட முதலாளி, இறப்பு 1838. அவருக்கும் ஷார்லட்டுக்கும் பிறந்தவர்கள் நேர்கோட்டில், ஏட்ரியன் வரைக்கும். பக்கவாட்டில் புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு, அதன் முனையில் ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறிக்குக் கீழே நாங்கள்.

"தாமஸ் இங்கே ஒரு... ஒரு பெண்ணோட இருந்திருக்கார். அவங்க பேர் உங்க வீட்டுல யாருக்காவது தெரியுமா, மிஸ் ஹாஸ்லம்?"

"தெரியாது."

தெரியும். அப்பா சொல்லியிருக்கிறார், அப்பாவுக்கு அவர் அப்பா. இவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

"கல்லறைக்கு என்கூட வர முடியுமா?"

"முட்டி வலி. நீங்களே போய்ப் பாருங்க. கல் ஓடிப்போகாது."

டீகூடக் கொடுக்கவில்லை. அவன் போனதும் கீழ்வீட்டு மேவிஸ் படியேறி வந்து, "என்ன மேன் யூனிஸ், வெள்ளைக்காரன்லாம் வீடு தேடி வர்றான். மாப்பிள்ளையா?" என்றாள். பிஸ்கட் டப்பாவை அவள் கையில் திணித்து அனுப்பினேன்.

அக்டோபர் 14

தூக்கம் சரியில்லை. அவன் அந்தக் கல்லின் முன்னால் நிற்பதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

கல்லின் மேல்பாதி தாமஸுக்கு. 'ஷார்லட்டின் அன்புக் கணவர்' என்று செதுக்கியிருக்கிறது. அந்த அம்மாள் இந்த மண்ணை மிதித்ததே இல்லை. கீழ்ப்பாதி எங்களுக்கு. செதுக்க வசதி ஏது? அப்பா லிலுவா பட்டறையில் ரயில் பெட்டிகளுக்கு எழுத்து எழுதுகிறவர். கறுப்பு எனாமல் பெயின்ட்டால் தாத்தா பெர்ஸியின் பெயரையும் அம்மா கிளாடிஸின் பெயரையும் அவர்தான் எழுதினார். தன் பெயர் லெஸ்லியையும் தானே எழுதிவைத்து, வருஷத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். அதை நான் போட்டேன், கோணலாக. மற்றதெல்லாம் ரயில் பெட்டி எழுத்துத்தான், நூல் பிடித்த மாதிரி.

எல்லோருக்கும் கீழே, சின்னதாக, ராபின்.

என் பிள்ளை. 1959. இரண்டு நாள் இருந்தான். அவன் தகப்பன் அதற்குள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டான். ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்லை; கோயில் பதிவேட்டில் இல்லை, முனிசிபாலிட்டியில் இல்லை. அப்போதிருந்த தோட்டக்காரரைப் பிடித்துத் தாத்தா பக்கத்தில் வைத்தார் அப்பா. 'குடும்பப் பேரை அதுக்கு வைக்கக் கூடாது' என்றாள் அம்மா. அதனால் வெறும் ராபின். யாராவது கேட்டால் அப்பாவின் தம்பி என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்டதில்லை.

உலகத்தில் அவன் பெயர் எழுதியிருக்கிற இடம் அது ஒன்றுதான். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் போய், அப்பாவின் எழுத்து மேலேயே பிரஷ்ஷை ஓட்டிவிட்டு வருவேன்.

அக்டோபர் 19

காளி பூஜை. காலையிலிருந்து வெடி. பூனை கட்டிலுக்கு அடியில். முட்டி மடங்கினால் நானும் போயிருப்பேன்.

அக்டோபர் 22

மறுபடி வந்தான். கதவைத் திறக்கவில்லை. சங்கிலி போட்டுக்கொண்டு உள்ளேயே நின்றேன். கதவுக்கு அடியில் ஒரு கடிதத்தைத் தள்ளிவிட்டுப் போனான். சமையலறை மேஜைக்கு ஒரு கால் ஆட்டம். கடிதத்தை நாலாக மடித்து அதற்கு முட்டுக் கொடுத்தேன். இப்போது ஆடவில்லை. அவனால் ஒரு பிரயோஜனம்.

அக்டோபர் 31, சனி

எழுதித்தான் ஆக வேண்டும்.

பெயின்ட் டப்பா, பிரஷ், சுண்ணாம்பு எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். கல் பளபளவென்று இருந்தது. வெள்ளை வெளேரென்று. வேறு யாருடைய கல்லறைக்கோ வந்துவிட்டோம் என்று நினைத்தேன். தாமஸ் ஹாஸ்லம் அப்படியே இருக்கிறார். கீழே ஒன்றும் இல்லை. தாத்தா இல்லை. அம்மா இல்லை. அப்பா இல்லை.

தடவிப் பார்த்தேன். சொரசொரப்புக்கூட இல்லை.

தோட்டக்காரர் ஹரிபதா ஓடி வந்தார்.

"தீதி, அந்த சாகேப்தான் ஆள் கூட்டிட்டு வந்தார். ஆசிட், கம்பி பிரஷ். உங்க கிட்ட சொல்லியாச்சுன்னார். உங்க சொந்தக்காரர்தானேன்னு நானும் விட்டுட்டேன்."

"சொந்தக்காரனா? எவன்யா எனக்கு சொந்தக்காரன்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரிடம் ஏன் கத்தினேன்?

வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து மேஜைக் காலுக்கு அடியிலிருந்து கடிதத்தை உருவினேன். 'அன்புள்ள மிஸ் ஹாஸ்லம், கல்லின் அடிப்பகுதியில் யாரோ பெயின்ட்டால் சில பெயர்களைக் கிறுக்கியிருக்கிறார்கள். திருநாளுக்கு முன் அதைச் சுத்தம் செய்ய விரும்புகிறேன். உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் செவ்வாய்க்குள் ஹோட்டலுக்குச் சொல்லியனுப்புங்கள்.'

கிறுக்கியிருக்கிறார்களாம். என் அப்பா. முப்பத்தொரு வருஷம் ரயிலுக்கு எழுதிய கை.

ஒரு வார்த்தை. 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை போதும். ஒன்பது நாள் அந்தக் கடிதத்தின் மேல் சோறு தின்றிருக்கிறேன். அவனைத் திட்டத் திட்ட இது அடங்கவில்லை. அவனை மட்டும் திட்ட முடியவில்லை, அதுதான்.

நவம்பர் 1

மேவிஸ் வீட்டு ஃபோனிலிருந்து ஹோட்டலுக்குப் பேசினேன். 'நீ அழிச்சது என் குடும்பத்தை' என்றேன். "கடவுளே... நான் யாரோ விளையாட்டுக்கு எழுதினதுன்னு நினைச்சேன். எல்லாப் பேரையும் செதுக்கித் தந்துடறேன்" என்றான்.

"உன் உளி எனக்கு வேண்டாம். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அங்க வந்து நில்லு."

ஏன் வரச் சொன்னேன்? தெரியவில்லை. அவன் பார்க்க வேண்டும்.

நவம்பர் 2, திங்கள்

எட்டுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தான். சவரம் பண்ணவில்லை. சுற்றிலும் டிசூஸாக்களும் மெண்டஸ்களும் பூவும் மெழுகுவர்த்தியுமாக அவரவர் கல்லைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கல் மட்டும் மொட்டையாக.

"மிஸ் ஹாஸ்லம், நான் என்ன..."

"பேசாதே. டப்பாவைப் பிடி."

பிடித்தான். முட்டி போட்டு உட்கார்ந்தேன், வலி உயிர் போயிற்று. இத்தனை வருஷம் அப்பாவின் எழுத்து மேல் ஓட்டிய கைக்குச் சொந்தமாக ஓர் எழுத்து வரவில்லை. பெர்ஸி ஒரு பக்கம் சாய்ந்தார். அம்மா பெயர் முடிவதற்குள் இடம் தீர்ந்து, கடைசி எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டன. அப்பாவுக்கு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். பெயின்ட் வழிந்தது. அவன் கைக்குட்டையை நீட்டினான். வாங்கித் துடைத்தேன். கைக்குட்டை பாழ்.

பிறகு ராபின். எழுதி முடித்துவிட்டு நிமிரவில்லை.

"இது யாருன்னு கேட்கலாமா?" என்றான், மெதுவாக.

முப்பத்தொன்பது வருஷத்தில் கேட்ட முதல் ஆள். அப்பாவின் தம்பி என்று சொல்வதற்கு வாய் தயாராகத்தான் இருந்தது.

"என் மகன். ரெண்டு நாள் இருந்தான். எனக்குக் கல்யாணம் ஆகலை. உன் தாள்ல இதுக்கும் புள்ளிக்கோடு போட்டுக்கோ."

அவன் டப்பாவை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினான். அதில் பிரஷ்ஷைத் தோய்த்து, ராபினுக்குப் பக்கத்தில் ஹாஸ்லம் என்று எழுதினேன். அம்மா, நீ மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இரு.

கிளம்பும்போது கை கொடுக்க வந்தான். கையெல்லாம் பெயின்ட் என்றேன். பொய் இல்லை.

நவம்பர் 3

முட்டி வீங்கியிருக்கிறது. பெயின்ட் நகத்தை விட்டுப் போகவில்லை.

நவம்பர் 21

லண்டனிலிருந்து ஒரு பெரிய உறை. இந்தத் தடவை உடனே பிரித்தேன். புதிதாக வரைந்த படம். பெர்ஸி, லெஸ்லி, நான், எல்லோரும் நேர்கோட்டில். என் பெயருக்குக் கீழே இன்னொரு கோடு இறங்குகிறது: ராபின் ஹாஸ்லம், 1959. அச்சில்.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மேலே பார்த்தால், தாமஸுக்குப் பக்கத்தில் அந்தக் கேள்விக்குறி அப்படியே நிற்கிறது. எரிச்சலாக வந்தது. அவனைச் சொல்லி என்ன, தெரியாது என்று சொன்னவள் நான்தானே.

சாயங்காலம் உட்கார்ந்து ஆரம்பித்திருக்கிறேன்: 'ஏட்ரியன், உன் படத்தில் ஒரு தப்பு இருக்கிறது. அவள் பெயர் ஜீனத். எழுத்துக்கூட்டி அனுப்புகிறேன், ஒழுங்காகப் போடு.'