பிள்ளைக்காம்பராவில் ஒரு கிழவி

என் அருமைத் தங்கச்சி ஞானத்துக்கு,

அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட வேலையை நீயாக விட்டாயா, நான் விடவைத்தேனா? நீ ஊரைவிட்டுப் போன நாளிலிருந்து கேட்டுப் பார்க்கிறேன், பதில் தெரியவில்லை. நான் கொழும்பில் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். “நீ படி அக்கா, நான் பாத்துக்கிறேன்” என்று எழுதினாய். அதை நான் இரண்டாம் முறை படிக்கவில்லை.

ஏழு வருடம் பார்த்தாய். அம்மாவை அடக்கம் செய்த பிறகு நீ திரும்பிப் போனபோது உன் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்களாமே. நீ என்ன சொன்னாய்?

மருதாயியை நினைவிருக்கும். அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து ஓடிவந்து உனக்குக் கைகொடுப்பாளே, அவள்தான். இப்போது அவளுடைய தாய் படுக்கையில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருதாயி வேலைக்குப் போகாவிட்டால் தோட்டப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் கொழுந்து பறிக்க மலை அவளுக்கு இல்லை.

அவள் ஒரு வழி கண்டிருந்தாள். விடிந்ததும் தாயைக் கம்பளியில் சுற்றி முதுகில் சுமந்துபோய், மற்றப் பெண்கள் கைக்குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிடுவாள். ஏணைகளுக்கு நடுவே ஒரு பாய். போன மாதம் அக்கரப்பத்தனைத் தோட்டத்துக்குப் போனபோது நானே பார்த்தேன்.

“எல்லாப் புள்ளைக்கும் பல்லு இனிமேத்தான் மொளைக்கணும் டீச்சரம்மா, இந்தப் புள்ளைக்கு விழுந்தே போச்சு” என்றாள் பிள்ளைகளைப் பார்க்கும் ஆயா.

“போடி, ஒனக்குத் தொப்புள்கொடி அறுத்ததே நான்தான்” என்றாள் கிழவி. வாய் மட்டும் படுக்கவில்லை.

கங்காணிக்குத் தெரியும், அவருக்கு மேலே வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்கும் தெரியும். யாரும் பேசவில்லை. நான்தான் பேசினேன். பிள்ளை பெற்றவளுக்குச் சட்டத்தில் விடுப்பு இருக்கிறது. படுத்துக் கிடப்பவரைப் பார்க்கிறவளுக்கு ஒரு வரிகூட இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆகவே, இந்த ஏற்பாட்டை முறையாக அனுமதிக்கும்படி தோட்டத்தை நடத்தும் துரைக்கு எழுதலாம் என்றேன்.

“வேணாங்க டீச்சரம்மா” என்றாள் மருதாயி. “இப்ப யாரும் கேக்கல. கேக்காத வரைக்கும் நல்லது.”

சட்டங்களை நம்பாதவள் என்று என்னை நீ கேலி செய்வாய். ஆனால் காகிதத்தை நம்பியிருக்கிறேன் பார். நல்ல ஆங்கிலத்தில், மரியாதையாக எழுதி அனுப்பினேன். இந்த வாரம் பதில் வந்தது. பிள்ளைக்காம்பரா குழந்தைகளுக்கு மட்டும். பெரியவர்கள் யாரையும் வைக்கக் கூடாது. ஆயாவுக்கும் எச்சரிக்கை.

நாளை சனிக்கிழமை. நானே போய்த் துரையைப் பார்த்து அந்த உத்தரவை மாற்றச் சொல்வேன். மாற்றாவிட்டால், நான் செய்த வினைக்கு மருதாயி முன்னால் போய் நிற்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

துரை என்னைப் பார்க்கவில்லை. ஆபீஸ் வாசலில் பெரிய கிளாக்கர்தான் பேசினார். “நீங்க எழுதாம இருந்திருந்தா தொரைக்குத் தெரியாதுங்க டீச்சர். எங்க எல்லாருக்கும் தெரியும். எழுத்துல வந்த பொறகு அவரு என்ன செய்வாரு?”

லயத்துக்குப் போனேன். மருதாயி வேலைக்குப் போகாமல் தாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

“அது கெடக்கட்டும். வந்தது வந்துட்டீங்க, ஒரு கை புடிங்க, திருப்பணும்.”

எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

“இடுப்புக்குக் கீழ கையக் குடுங்க. தங்கச்சி சொல்லித் தரலியா?”

“நான் கேட்டதில்லை” என்றேன்.

திருப்பி முடித்ததும் அவள் தாயை என்னிடம் விட்டுவிட்டுக் கூடையோடு மலைக்கு ஓடினாள். நேரம் கழித்துப் போனதால் அரைநாள் கூலிக்கு அரைப் பேர்தான் போட்டார்கள். பொழுது சாயத் திரும்பி வந்து, திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன்.

இப்படிக்கு,
உன் ஒரே அக்கா