ஆயுதபூசையன்று கழுவிய கியர் பாக்ஸ்

என் அருமை மச்சான் சாகுலுக்கு,

போனவர்களுக்கு இங்கே நடப்பதெல்லாம் தெரியும் என்கிறார்கள். தெரியும் என்றால் நீ இந்நேரம் என்மேல் காறித் துப்பியிருப்பாய். தெரியாது என்றால் உட்கார்ந்து படி. பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன் நான், பிழை பார்க்காதே.

முதலில் நல்ல செய்தி. நம்ம ரோட்டரி ஓடுகிறது! மூணு வருசமாக நம்ம பட்டறைப் பெஞ்சுக்கு அடியில் சாக்கில் கிடந்ததே, அதேதான். புதன்கிழமை காலையில் ஒரு வேப்பந்தூணை மாட்டிச் சுற்றிலும் பூங்கொடி செதுக்கவிட்டோம். புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர்ந்தது. நகத்தால் தடவிப் பார்த்தேன், சேர்ந்த இடம் தட்டுப்படவில்லை.

இதை நம்ம தச்சர் சங்கத்து மலரில் போடச் சொல்லியிருக்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நம்ம சி.என்.சி. மெசின் பலகையைப் படுக்கப்போட்டுத்தான் செதுக்கும். கதவு செய்யலாம், தூண் செய்ய முடியாது. தூணைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கத் தனியாக ஒன்று வேண்டும், அதுதான் ரோட்டரி. அதை நாமே செய்வோம் என்றாய். எங்கோ கழித்துப்போட்ட ரோபோ கையிலிருந்து கழற்றிய கியர் பாக்ஸ் இரண்டைத் திருச்சியில் சூசை அண்ணன் காயலான் கடையில் கண்டுபிடித்தாய். ஒன்று மாட்ட, ஒன்று கைவசம் இருக்க. துபாயில் அந்த ரோபோக்களோடு மல்லுக்கட்டியவன் நீ. எனக்கு அது இரும்பு டப்பா.

"டப்பான்னு சொல்லாத மச்சான். மோட்டார் நூறு சுத்து சுத்துனா இது ஒரே ஒரு சுத்து சுத்தும். மயிரிழை பிசகாது."

"நம்ம தாலுகா ஆபீஸ்னு சொல்லு. நூறு தடவ நடந்தா ஒரு தடவ நகரும்."

எப்படிச் சிரித்தாய் அன்றைக்கு!

அடுத்த வாரமே ஆயுதபூசை. நீ ஜெகதாப்பட்டினத்தில் சொந்தக்காரர் கல்யாணம் என்று கிளம்பினாய். "பொரியில தேங்கா நெறயப் போட்டு எனக்கு எடுத்து வையி" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் உளி, இழைப்புளியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டு வந்தேன். கியர் பாக்ஸ் இரண்டும் கறுப்புக் கிரீஸோடு இருந்தன. அந்தப் பிசுக்கின்மேல் எப்படிச் சந்தனம் வைப்பது? இரண்டையும் பிரித்து, ஒரே சட்டியில் டீசல் ஊற்றி ஊறப்போட்டேன். உள்ளே இருந்தது மூணே உருப்படி. ஒரு பல்வளையம், மெல்லிசாக ஒரு கிண்ணம், நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு பேரிங். இரண்டிலும் அச்சு அசலாக அதே மூணு. கையில் வந்ததை எடுத்துத் துடைத்துப் பூட்டினேன், புதுக் கிரீஸ் தடவினேன், பொட்டும் வைத்தேன். கற்பூரம் காட்டும்போது எனக்கு அவ்வளவு பெருமை.

நீ வந்து மோட்டாரைப் பூட்டினாய். ஒரு இடத்தில் இறுகியது, ஒரு இடத்தில் தளர்ந்தது, மோட்டார் திணறியது. கொடி சுற்றிவந்து சேர்கிற இடத்தில் அரிசி அகலத்துக்கு இடைவெளி. அடுத்ததை மாட்டினாய், அதுவும் அப்படியே. நாலு நாள் போனும் கையுமாக எதையெதையோ படித்துவிட்டு வந்து நின்றாய்.

"உள்ள இருக்க மூணும் ஒண்ணுக்கொண்ணு ஜோடியாச் செஞ்சதாம். ஒண்ண எடுத்து இன்னொண்ணுல போட்டா வேலைக்கு ஆகாதாம். மச்சான், நீ எதுவும் தொறந்தியா?"

"நானா? பொட்டு வச்சதோட சரி."

எவ்வளவு லேசாக வந்தது தெரியுமா அந்தப் பொய்? நீ மறுகேள்வி கேட்கவில்லை. ஒரு நிமிசம் சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா?

மறுநாள் திருச்சிக்குப் போனோம். கடை நிறைய ஆள். "பிரிச்சுக் கலந்து என் தலையில கட்டிட்டீங்க. ஒங்களப் போயி அண்ணன்னு கூப்பிட்டேன் பாருங்க" என்று நீ போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. சூசை அண்ணன் கத்தவில்லை. "தம்பி, வந்தத வந்தபடிக்கே குடுத்தேன். ஸ்குரூவக்கூடத் தொடல. கருப்பையா, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று என்னைப் பார்த்தார். நான் அங்கே குவிந்து கிடந்த ஃபேன் றெக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அத்தோடு ரோட்டரியைச் சாக்கில் போட்டுக் கட்டினாய். அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறு வருசம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. உன்னை அடக்கம் செய்த அன்று சூசை அண்ணன் வந்திருந்தார். மையத்தாங்கரைக்குள் வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். "கள்ளன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு. உள்ள வந்தா அவருக்குப் பிடிக்குமோ என்னமோ" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? நான் அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது சாக்கைப் பிரித்தது என் மகள் செல்வி. பாலிடெக்னிக்கில் கடைசி வருசம், என்னை மாதிரி இல்லை, உருப்படும். லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு உருப்படியிலும் எறும்புக்கால் அளவுக்கு நம்பர் இருப்பதைக் கண்டுபிடித்தாள். நம்பரோடு நம்பர் சேர்த்துப் பூட்டினாள். ஓடிவிட்டது.

சேதி கேட்டு உன் வீட்டுக்காரி ரஹ்மத் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தது. ஓடுகிற தூணைப் பார்த்து அழுதது. "அவுக சொன்னது சரிதானேண்ணே? அந்தக் கடைக்காரன்தானே கலந்து குடுத்தான்?" என்றது. "நம்பரே சாட்சி மாமி" என்றாள் என் மகள். நான் வாயைத் திறந்தேன். "சீனி கொஞ்சம் தூக்கல், தங்கச்சி" என்றேன்.

மறுநாள் செல்வியிடம் மட்டும் சொன்னேன். கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாள். அப்புறம் கேட்டாள்: "எப்படி மாத்திப் பூட்டுனாலும் மொத்தம் நாலு விதந்தானேப்பா? மாமா கேட்டப்பவே சொல்லியிருந்தா ஒரு பகல்ல சரி பண்ணியிருக்கலாமே?"

ஒரு பகல், சாகுல். நீ அரை நாள் என்னைத் திட்டியிருப்பாய். மிச்ச அரை நாளில் ரோட்டரி ஓடியிருக்கும். அந்த அரை நாள் திட்டுக்குப் பயந்து, ஒரு நல்ல மனுசனைக் கள்ளனாக்கி, உன்னையும் அந்தக் கோபத்தோடேயே அனுப்பிவைத்திருக்கிறேன். இதற்கு உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? யாரிடம் போய்க் கேட்டால் அது உனக்கு வந்து சேரும்?

வருகிற சனிக்கிழமை ரஹ்மத்தை அழைத்துக்கொண்டு திருச்சிக்குப் போகிறேன். பஸ் கீரனூர் தாண்டுவதற்குள் தங்கச்சியிடம் சொல்லிவிடுவேன். பாதியில் இறங்கிப் போனாலும் போகட்டும். நான் மட்டுமாவது போய், கடையில் கூட்டம் நிற்கும் நேரமாகப் பார்த்து, சூசை அண்ணன் முன்னால் நிற்பேன். தொறந்தவன் நான், கலந்தவன் நான், சாகுல் திட்டியது என்னைத்தான், அது ஆள் மாறி உங்களிடம் வந்துவிட்டது என்பேன். கேட்டுவிட்டு, உன்னைப் பார்க்க இங்கே வர அவருக்கு மனசிருந்தால், நானே கூட்டிவந்து மையத்தாங்கரைக் கேட்டைத் திறந்து உள்ளே விடுவேன். இது சத்தியம்.

உன் ஒரு கேள்விக்கு 'ஆமாம்' சொல்லத் தெரியாமல் போன மச்சான்,
கருப்பையா