அரை நாளைக்கு ஓர் ஆள்

மயிலாப்பூர்
14-6-1932

சிரஞ்சீவி ஜானுவுக்கு மன்னி கோமளத்தின் ஆசீர்வாதம். உன் அண்ணாவும் ரங்குவும் நானும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

ஆபீஸில் உன் அண்ணாவின் சம்பளத்தை வெட்டியதிலிருந்து நானும் காலைவேளையில் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் சொல்லப் போகிறேனே, அந்த நேரத்துக்கு ரங்குவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிச் சலித்துவிட்டது. இரண்டு வயதுப் பிள்ளை, ஓரிடத்தில் நிற்பதில்லை. மீர்சாகிப்பேட்டையிலிருந்து நஸ்ருன்னிசா என்று ஒருத்தி வந்தாள். "அர நாளுக்கு நீங்க குடுக்குற காசு இன்னாத்துக்கும்மா ஆவும்? மாம்பலத்துல ஜெயலக்ஷ்மின்னு ஒரு டாக்டரம்மா இதே வேலைக்கு ரெண்டு பங்கு தராங்களாம். அம்மாந்தூரம் நடக்க முடியாமதான் இங்க வந்து நின்னுக்கினு கீறேன்" என்றாள். ஒரு வாரம் வந்தாள். பிறகு கட்டுப்படியாகவில்லை என்று நின்றுவிட்டாள்.

நேற்று ரங்குவைப் பள்ளிக்கூடத்துக்கே தூக்கிக்கொண்டு போனேன். தலைமை ஆசிரியை குழந்தையையும் என்னையும் ஏற இறங்கப் பார்த்தார். இன்னொரு தரம் அப்படிப் போனால் வேலை போய்விடும்.

நீ காஞ்சிபுரத்தில் பெரியண்ணா ஆத்தில் இடுப்பொடிய உழைக்கிறாய். அதை இங்கே வந்து எங்களுக்குச் செய்யக் கூடாதா? உன்னை நாங்கள் வேற்றாளாகவா நினைக்கிறோம்?

உன் மன்னி
கோமளம்

காஞ்சிபுரம்
20-6-1932

மன்னிக்கு ஜானுவின் அநேக நமஸ்காரம்.

கடிதம் வந்ததும் பெரிய மன்னி உரக்கப் படிக்கச் சொன்னாள். கடைசி வரிகளை விழுங்கிவிட்டுப் படித்தேன்.

வருகிறேன் மன்னி. ரங்குவைப் பார்க்கக் கண் தேடுகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு ஆள் வேண்டியது அரை நாளைக்குத்தானே? நீங்கள் பள்ளியிலிருந்து திரும்பியதும் மீதி அரை நாள் எனக்கு வேண்டும். எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டும். கல்யாணத்தோடு என் படிப்புப் போயிற்று. ஆறு மாதத்தில் அவர் கண்ணை மூடினார், கல்யாணமும் போயிற்று. அன்றிலிருந்து அடுப்புத்தான்.

புத்தகத்துக்கும் பரீட்சைப் பணத்துக்கும் நஸ்ருன்னிசாவுக்குக் கொடுத்ததில் பாதி கொடுத்தால் போதும். அதைச் சம்பளமாகவே கொடுங்கள். தானமாகக் கேட்க எனக்கு வாய் வராது.

ஜானு

மயிலாப்பூர்
2-7-1932

ஜானுவுக்கு ஆசீர்வாதம்.

சம்பளம் என்றதும் உன் அண்ணா இலையை விட்டு எழுந்துவிட்டார். "கூடப் பொறந்தவளுக்குச் சம்பளமா? நாலு பேர் கேட்டா சிரிக்க மாட்டாளா? இங்க அவளுக்குச் சோறு இல்லையா, துணி இல்லையா?" என்றார். அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

என் பங்குக்கும் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் வந்து படுக்காவிட்டால் விழுந்துவிடுவேன் போலிருக்கிறது. நீ வந்தால் சாயங்காலக் காப்பியையும் ராத்திரிச் சமையலையும் உன் கையில் விட்டுவிடலாம் என்று இருந்தேன். நீயும் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம், சொல்? படிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கிளம்பி வா.

நீ வரும்வரைக்கும் நஸ்ருன்னிசாவையே கெஞ்சி அழைத்து வந்திருக்கிறேன். முன்னைவிட அதிகம் கேட்டாள், கொடுக்கிறோம். மணி ஒன்று அடித்ததும் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

கோமளம்

தியாகராய நகர்
5-9-1932

மன்னிக்கு நமஸ்காரம்.

மேலே உள்ள ஊரைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். நீங்கள் எழுதிய டாக்டரம்மா வீடுதான் இது. பெயரும் மாம்பலம் என்பதும் மட்டும் போட்டு, உங்களைக் கேட்டதையே கேட்டு ஒரு கடிதம் எழுதினேன், போய்ச் சேர்ந்துவிட்டது. ரயில் செலவுக்கு அவரே பணம் அனுப்பினார். பெரியண்ணா, "இனிமே இந்த வாசப்படி உனக்கில்லை" என்றார். செங்கல்பட்டு வரைக்கும் அழுதேன். அப்புறம் பசித்தது.

காலையில் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். மத்தியானத்துக்கு மேல் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. முதல் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் போய்ப் பாத்திரம் தேய்த்தேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "அதுக்கு ஆள் உண்டு. நீ போய்க் கணக்கைப் போடு" என்றார்.

நஸ்ருன்னிசாவுக்கு அதிகம் கொடுத்தீர்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. நான் பாதி கேட்டதற்குத்தான் ஊர் சிரிக்கும் என்றார் அண்ணா. அது எனக்கு வலித்தது. உங்கள்மேலும் கோபம் இருந்தது மன்னி, இல்லை என்று எழுதினால் பொய். நீங்கள் களைத்துப்போயிருப்பதும் எனக்குத் தெரியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே வரட்டுமா? அண்ணா வேண்டாம் என்றால் ஒரு கார்டு போடுங்கள், நின்றுவிடுகிறேன். வரலாம் என்றால் என்னைச் சமையலறைப் பக்கம் விடாதீர்கள். கூடத்தில் உட்காருகிறேன், நீங்கள் காப்பி கொண்டு வாருங்கள். இதுவரை யாரும் எனக்கு அப்படிக் கொண்டுவந்து கொடுத்ததில்லை.

ரங்குவை என் மடியில் விடுங்கள். அதற்கு எனக்குச் சம்பளம் வேண்டாம்.

ஜானு